புத்தக அலுமாரிச் சாவி ஆரிட்ட இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஒவ்வொரு வருசமும் ஓ எல், அதுதான் பதினொராம் ஆண்டுச் சோதினை ரிசல்ட் வந்த கையோட ஒரே கதைதான். இங்கிலீசில கனபேர் கோட்டை விட்டிட்டினம், ரீச்சர்மார் ஒழுங்காப் படிப்பிக்கிறேல்ல, பிள்ளையளுக்குப் போன் பார்க்கத்தான் நேரம், இன்னும் ரெண்டு ஸ்போக்கன் கிளாஸ் தொடங்கோணும், இப்பிடியே போகும். உங்கட பேப்பரிலயும் வாசகர் கடிதத்தில ஆக்கள் மாறி மாறி இதத்தான் எழுதுகினம், நானும் வாசிச்சிட்டு மடிச்சு வைக்கிறதுதான் வழக்கம். இந்தமுறை மனம் கேக்கேல்ல, அதுதான் எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போனாலும் வெட்டாமப் போடுங்கோ.

நான் திருகோணமலை மாவட்டத்தில கிராமப் பள்ளிக்கூடம், டவுண் பள்ளிக்கூடம் எண்டு ரெண்டிலயும் இங்கிலீசு படிப்பிச்சுப் பென்சனுக்கு வந்த ஆள். இப்ப பின்னேரங்களில எங்கட பக்கத்துச் சனசமூக நிலையத்தில சின்னப் பிள்ளையளோட இருந்து புத்தகம் வாசிக்கிறன், சம்பளமும் இல்ல, சோதினையும் இல்ல, அதால நிம்மதியான வேலை. நான் சொல்ல வந்தது ஒரேயொரு விசயம்தான். எங்கட பிள்ளையளின்ட கையில இங்கிலீசுப் புத்தகமே இல்ல. பாடப்புத்தகத்தச் சொல்லேல்ல, அது 1980ல இருந்து அரசாங்கம் இலவசமாக் குடுக்குது, அதில குறை சொல்ல மாட்டன். நான் சொல்லுறது கதைப்புத்தகம், படப்புத்தகம், ஒரு பிள்ளை தானா எடுத்துத் தானா வாசிச்சு முடிச்சிட்டு அடுத்தது எங்க எண்டு கேக்கக்கூடிய மெல்லிசுப் புத்தகம்.

கணக்குப் பாருங்கோ. முதலாம் ரெண்டாம் ஆண்டில பாட்டும் விளையாட்டுமா வாய்ப்பேச்சு இங்கிலீசு, அத விடுவம். மூண்டாம் ஆண்டில இருந்து பதினொராம் ஆண்டு வரைக்கும் 9 வருசம், பாட அட்டவணையில இங்கிலீசு இல்லாத கிழமையே இல்ல. அந்த 9 வருசத்தில ஒரு சாதாரணப் பிள்ளை வாசிக்கிற இங்கிலீசு எவ்வளவு எண்டு பார்த்தா வருசத்துக்கு ஒரு பாடப்புத்தகம், ஒரு வேர்க்புக், அதிலயும் கடைசிப் பாடங்கள் பலநேரம் தொடாமலே போயிடும், பிறகு பாஸ்ட் பேப்பர். அவ்வளவுதான். அந்தப் பாடப்புத்தகத்தையும் வாசிக்கிறாங்களோ எண்டு கேளுங்கோ. ரீச்சர் ஒரு வரி சொல்ல வகுப்பு முழுக்கக் கோரஸாச் சொல்லும், பிறகு ஒவ்வொரு சொல்லுக்கு மேலயும் பென்சிலால தமிழ்க் கருத்து எழுதுவாங்கள், கீழ தமிழ் எழுத்தில உச்சரிப்பும் எழுதுவாங்கள், ரெண்டு மூண்டு பாடம் போக இங்கிலீசு எழுத்தே தெரியாத அளவுக்குப் பக்கம் முழுக்கப் பென்சில். பிள்ளை அதுக்குப் பிறகு எழுந்து நிண்டு வாசிக்கேக்க அவன்ட கண் ஓடுறது பென்சில் தமிழிலதான். இதப் பார்த்திட்டு வகுப்பு நல்லா வாசிக்குது எண்டு இன்ஸ்பெக்சன் வந்தவை எழுதிப்போட்டுப் போனதும் இருக்கு.

ரியூசன்ல இன்னும் மோசம். அங்க எஸே எண்டா அச்சடிச்ச நோட்ஸ். மரம் வளர்ப்போம் ஒண்டு, டெங்கு ஒண்டு, சுற்றுலா போன கதை ஒண்டு, எல்லாம் பாடமாக்கி வைச்சிருப்பாங்கள், கேள்வி என்னவாக இருந்தாலும் பாடமாக்கினதுதான் பேப்பரில இறங்கும். பள்ளிக்கூட நூலகத்தப் பற்றி எழுது எண்டு கேட்டா எங்கட ஸ்கூலில ஒரு நூலகம் இருக்கு எண்டு தொடங்கி ரெண்டாவது வரியில நுவரெலியாவுக்கு பஸ் ஏறிடுவாங்கள். சிரிக்கிறதா அழுறதா எண்டு தெரியாம திருத்திக்கொண்டு இருப்பம்.

இப்ப விசயத்துக்கு வாறன். புத்தகம் இல்ல எண்டு சொன்னன் தானே, அது முழு உண்மை இல்ல. புத்தகம் இருக்கு. கனக்கப் பள்ளிக்கூடங்களில அதிபரின்ட ஒபிசுக்கு வெளியில இல்லாட்டி நூலக அறை எண்டு போர்ட் போட்ட ஒரு இடத்தில கண்ணாடி போட்ட அலுமாரி இருக்கு, உள்ள புத்தகம் அடுக்கி இருக்கு, அலுமாரியில பூட்டு இருக்கு. கோயில் மூலஸ்தானம் மாதிரி வெளிய நிண்டு கும்பிடலாம், உள்ள கை வைக்க ஏலாது. நான் படிப்பிச்ச ஒரு பள்ளிக்கூடத்தில ஒருக்கா சாவி தேடி எடுத்துத் திறந்து பார்த்தன். வெளிநாட்டில இருந்து பெட்டியில வந்த புத்தகங்கள், பொலித்தீன் உறை கூடக் கழட்டேல்ல, ஒவ்வொண்டிலயும் முதல் பக்கத்தில பள்ளிக்கூட ஸ்டாம்ப், பதிவு இலக்கம், திகதி எல்லாம் ஒழுங்கு. பின்னுக்குக் கடன் வாங்கினவையின்ட பேர் எழுதுற சீட்டு ஒட்டியிருக்கு, சீட்டு வெள்ளையாவே இருக்கு. கீழ்த்தட்டில கறையான் ஏறி ஒரு படப்புத்தகத்தின்ட யானைக்குக் கால் இல்ல.

இதில ரீச்சர்மாரில பிழை இல்ல, இதத்தான் நான் விளங்கப்படுத்த விரும்புறன். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில புத்தகம் எண்டா அது மேசை கதிரை மாதிரி அரச சொத்து. இருப்புப் புத்தகத்தில ஏத்தின பிறகு ஒவ்வொரு வருசமும் போர்ட் ஒஃப் சேவே எண்டு கணக்கெடுப்பு வரும், புத்தகம் குறைஞ்சா பொறுப்பான ரீச்சர் கடிதம் எழுதோணும், விளக்கம் குடுக்கோணும், சில இடத்தில கையால காசும் கட்டோணும். மூண்டாம் ஆண்டுப் பிள்ளையிட்ட புத்தகம் குடுத்தா அது கிழியும், மழையில நனையும், தம்பி கீறுவான், ஒண்டு ரெண்டு திரும்பியே வராது. இது எல்லாருக்கும் தெரியும். அப்ப அந்த ரீச்சர் என்ன செய்வா? பூட்டுவா. நான் அவவின்ட இடத்தில இருந்தாலும் பூட்டத்தான் யோசிப்பன். ஒரு புத்தகமும் தொலையாத நூலகம் எண்டா ஒருத்தரும் வாசிக்காத நூலகம் எண்டுதான் கணக்கு, ஆனா எங்கட சட்டத்தில அதுக்குத்தான் நல்ல பேர்.

அதால வலயக் கல்வி அலுவலகத்தையும் மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் நான் கேக்கிறது பெரிய நிதி இல்ல. சிறுவர் கதைப்புத்தகத்த மேசை கதிரையோட சேர்க்காம, சோக் பெட்டி, பேப்பர் கட்டு மாதிரி பாவிச்சு முடியிற சாமான் எண்டு கணக்கில போடுங்கோ. இல்லையெண்டா வருசத்துக்கு இவ்வளவு வீதம் கிழியலாம் தொலையலாம், அதுக்குக் கடிதம் வேண்டாம் எண்டு ஒரு சுற்றுநிருபம் விடுங்கோ. அந்த ஒரு தாள் வந்தா கனக்க அலுமாரி திறபடும்.

அலுமாரி திறந்தா இங்கிலீசு வருமோ எண்டு கேப்பீங்கள். இது என்ட கண்டுபிடிப்பு இல்ல. கரும்புத் தோட்டத்துக்கு எங்கட ஆக்கள் கப்பலேறிப் போன அதே ஃபீஜித் தீவில 1980கள் தொடக்கத்தில ஒரு வேலை செய்து பார்த்தவை. நியூசிலாந்துக் கல்வி ஆராய்ச்சியாளர் வொரிக் எலி (பேர் அப்பிடித்தான்), ஃபீஜியில வேலை செய்த பிரான்சிஸ் மங்குபாய், ரெண்டு பேரும் கிராமப் பள்ளிக்கூடங்களில நாலாம் அஞ்சாம் வகுப்புகளுக்குப் புத்தகத்தக் குவிச்சுக் குடுத்தவை, ஒரு வகுப்புக்கு 250 கதைப்புத்தகம். அந்தப் பிள்ளையள் வீட்டில பேசுறது ஃபீஜி மொழி இல்லாட்டி ஹிந்தி, இங்கிலீசு பள்ளிக்கூடத்தில மட்டும்தான், எங்கட மூதூர் வெருகல் பிள்ளையின்ட நிலைதான் கிட்டத்தட்ட. சில வகுப்பில ரீச்சர் கதைய வாசிச்சுக் காட்டி பிள்ளையளோட கதைச்சினம், சில வகுப்பில நாளுக்கு அரை மணித்தியாலம் கிட்ட சும்மா அவங்கட பாட்டுக்கு வாசிக்க விட்டினம், மிச்ச வகுப்பில வழமையான பாடப்புத்தகம், வழமையான இலக்கணப் பயிற்சி. முதல் வருசத்திலயே புத்தகம் கிடைச்ச பிள்ளையள் வாசிச்சு விளங்கிறதில மற்றவையவிட ரெண்டு மடங்கு வேகத்தில முன்னுக்குப் போச்சினம். ரெண்டாம் வருசம் எழுத்திலயும் இலக்கணத்திலயும் கூட அவைதான் முன்னுக்கு, இலக்கணம் படிப்பிச்ச வகுப்பவிட. பிறகு 90களின்ட நடுவில அதே எலி எங்கட நாட்டிலயும் சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களில இத மாதிரிப் புத்தகம் குடுத்துப் பார்த்தவர், இங்கயும் பலன் நல்லா வந்தது. எங்கட நாட்டில செய்து பார்த்து நல்லது எண்டு கண்ட விசயம், எங்கட ரெயினிங்கில ஒருத்தரும் அதச் சொல்லித் தந்ததா எனக்கு ஞாபகமில்ல.

சிலபஸ் முடிக்க நேரம் காணாது, இதுக்குள்ள கதைப்புத்தகமோ எண்டு ரீச்சர்மார் கேப்பினம், எனக்குத் தெரியும், நானும் அந்த ஸ்டாப் ரூமில இருந்தனான். கிழமைக்கு ஒரு பாடவேளை, 40 நிமிசம், அவ்வளவுதான் கேக்கிறன். அந்த 40 நிமிசத்தில பிள்ளையள் வாசிக்கட்டும், ரீச்சரும் ஒரு புத்தகம் எடுத்து வாசிக்கட்டும், கொப்பி திருத்தக் கூடாது, இது முக்கியம், பிள்ளையள் ரீச்சரப் பார்க்கும். வாசிச்சு முடிய கேள்வி கேக்கக் கூடாது. கருத்தெழுது, அஞ்சு புதுச்சொல் எழுது, கதையின்ட படிப்பினை என்ன, இதெல்லாம் கேட்டாப் பிள்ளை அடுத்தமுறை ஆகச் சின்னப் புத்தகமாப் பார்த்து எடுக்கும். புத்தகம் பிடிக்காட்டி பாதியில வைச்சிட்டு வேற எடுக்கலாம். பெரியாக்கள் நாங்கள் பிடிக்காத புத்தகத்த முடிக்கிறமோ?

சனசமூக நிலையத்துக்கு வாற பிள்ளையளில ஒருத்தன் ஏழாம் ஆண்டு, தகப்பன் கடலுக்குப் போறவர். பாடப்புத்தகம் எண்டா கொட்டாவி, எழுத்துக்கூட்டவும் கஷ்டம், அவன் வாறதே தங்கச்சியக் கொண்டந்து விடத்தான். ஒரு நாள் மேசையில கிடந்த சுறா பற்றின ஒரு மெல்லிசுப் படப்புத்தகத்தப் பிரட்டினான், நிண்டபடியே. பிறகு இருந்தான். படத்தில ஒரு சுறாவக் காட்டி இது எங்கட பக்கம் படாது ரீச்சர், இது மற்றது, இதின்ட பல்ல அப்பா வைச்சிருக்கிறார் எண்டு தொடங்கி எனக்கே வகுப்பெடுத்தான். அதுக்குப் பிறகு படத்துக்குக் கீழ இருக்கிற வரியில விரல வைச்சு ஒவ்வொரு சொல்லாத் தட்டித் தட்டிப் போறான், தெரியாத சொல் வந்தா என்னப் பார்க்கேல்ல, படத்தப் பார்க்கிறான். செட்டை, செவுள், வால் எல்லாம் அவனுக்குச் சொந்தச் சாமான், இங்கிலீசில என்ன பேர் எண்டது மட்டும்தான் புதுசு, அது தானா ஒட்டிச்சுது. அண்டைக்கு அந்தப் புத்தகத்த முடிச்சிட்டு வேற மீன் புத்தகம் இருக்கோ எண்டு கேட்டான். மீன் எண்டு இல்ல, திமிங்கிலம் பற்றி ஒண்டு இருந்தது. அதில அவனுக்குக் கோபம், நீலத்திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரர் திருகோணமலைக்கு வாறாங்கள், புத்தகத்தில எங்கட கடல் ஏன் இல்ல எண்டு. நியாயமான கேள்வி, என்னட்டப் பதில் இல்ல.

இந்த இடத்தில வெளிநாட்டில இருக்கிற எங்கட உறவுகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒண்டு சொல்லோணும், கோவிக்காதேங்கோ. நீங்கள் வீடு மாறேக்க ஒதுக்கின புத்தகத்தப் பெட்டியில கட்டி அனுப்பிறீங்கள், நல்ல மனசுதான். ஆனா லண்டன் பிள்ளை பத்து வயசில வாசிக்கிற புத்தகம் எங்கட பிள்ளைக்குப் பதினாறு வயசிலயும் ஏறாது. ஒரு பக்கத்தில நூறு சொல் இருந்தா அதில தெரியாதது ஒண்டு ரெண்டுதான் இருக்கலாம், அப்பத்தான் அகராதி இல்லாமச் சுகமா வாசிக்கலாம் எண்டு மொழி படிப்பிக்கிறதப் பற்றி ஆராய்ஞ்ச போல் நேஷன் போன்றவை சொல்லுகினம். எங்கட பிள்ளைக்கு நீங்கள் அனுப்பிற நாவலில ஒரு வரியிலயே மூண்டு நாலு தெரியாது. பெட்டிக்குள்ள கணக்கியல் புத்தகமும் பழைய சமையல் புத்தகமும் கிடந்ததையும் நான் கண்டனான், அதப் பேசாம விடுறன். பெட்டி அனுப்பிற கூலிக் காசுக்குக் கொழும்பிலயே மெல்லிசுப் புத்தகமா வாங்கலாம், சொல்லுக் கணக்குப் பார்த்துப் படிப்படியா எழுதின கிரேடட் ரீடர் வாங்கலாம். படிப்பிக்கிற ரீச்சரிட்டக் கேட்டு வாங்குங்கோ, மேடையில மாலை போடுறவரிட்டக் கேக்காதேங்கோ.

காசே இல்லையெண்டாலும் வழி இருக்கு. இந்தியாவில பிரதம் புக்ஸ் எண்டு ஒரு நிறுவனம் 2015ல இருந்து ஸ்டோரிவீவர் எண்டு ஒரு இணையத்தளம் நடத்துது, ஆயிரக்கணக்கான சிறுவர் கதை, நாலு படியாப் பிரிச்சு, தமிழிலயும் இங்கிலீசிலயும், முழுக்க இலவசம், டவுன்லோட் பண்ணி அச்சடிச்சுப் பாவிக்கலாம் எண்டு அனுமதியும் போட்டிருக்கு. ஒரே கதைய முதல் தமிழில வாசிச்சிட்டு பிறகு இங்கிலீசில வாசிக்கலாம், பிள்ளைக்குக் கதை தெரியும் எண்டபடியால பயம் பாதி போயிடும். நாங்கள் கறுப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்து நடுவில ஸ்டேப்பிள் அடிச்சு பிள்ளையளக் கொண்டே கலர் அடிப்பிச்சு வைச்சிருக்கிறம். கிழிஞ்சா இன்னொண்டு பிரிண்ட், இதுக்குப் போர்ட் ஒஃப் சேவேயும் வராது.

தமிழ் எண்டோன ஞாபகம் வருது. இங்கிலீசு வரோணும் எண்டா வீட்டில தமிழ்ப் புத்தகத்த ஒதுக்கிப்போட்டு இங்கிலீசு மட்டும் குடுக்கோணும் எண்டு நினைக்கிற அம்மாமார் இப்ப கூடிப்போச்சினம். அது சரிவராது. வாசிக்கிறது எண்டது ஒரு பழக்கம், அது ஒருக்காத்தான் பழகிறது, தாய்மொழியில பழகிறதுதான் லேசு, பிறகு எந்த மொழிக்கும் அது கூட வரும். கதைக்குள்ள போய் நேரம் போனது தெரியாம இருந்த அனுபவமே இல்லாத பிள்ளைக்கு இங்கிலீசுப் புத்தகம் எண்டா இன்னொரு பாடம், அவ்வளவுதான். என்ட வகுப்புகளில இங்கிலீசில நல்லா வந்த பிள்ளையள் முக்காவாசியும் தமிழில கண்டதையும் வாசிக்கிற பிள்ளையள், கடையில சாமான் சுத்தி வாற பேப்பரையும் விடாத சாதி. எங்கட ஊர்களில முந்தி அப்பிடித்தானே, சனசமூக நிலையத்தில காலமை பேப்பர் வந்தா ஆள் ஆளுக்கு ஒவ்வொரு தாளா உருவி வாசிப்பினம். பிறகு 83 கலவரம், 90 சண்டை எண்டு ஓடி ஓடி, 2004ல சுனாமியும் வந்து, எத்தினையோ வீட்டில இருந்த புத்தகமெல்லாம் போச்சு. வீடு திரும்பக் கட்டினம், புத்தக அலுமாரி கட்டேல்ல, அதில டிவி வைச்சம்.

அந்தக் காலத்தில நேவி டொக்யார்ட்டில வேலை செய்த அப்பப்பா என்ன மாதிரி இங்கிலீசு கதைப்பார் தெரியுமோ எண்டு சொல்லுற ஆக்களும் எங்கட ஊரில கனக்க. கதைச்சிருப்பார், இல்ல எண்டு சொல்லேல்ல. 1957ல வெள்ளைக்காரன் தளத்தக் குடுத்திட்டுப் போகும்வரை இங்க இங்கிலீசுக்கு வேலை இருந்தது. ஆனா 1945ல கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விக்கு முந்தி இங்கிலீசுப் பள்ளிக்கூடம் எண்டா காசு கட்டிப் படிக்கிறவைக்கு, மிச்ச ஊருக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். ஒரு வீட்டு அப்பப்பா இங்கிலீசு கதைச்சார் எண்டா சுத்தியிருந்த இருபது வீட்டு அப்பப்பாமாருக்கு இங்கிலீசில கையெழுத்து வைக்கவும் கஷ்டம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அந்தக் காலத்த நான் தேடேல்ல.

இப்பத்த கதைய எடுங்கோ. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசனுக்குப் போனா எங்கட பொடியங்கள் வெள்ளைக்காரரோட என்னமா கதைக்கிறாங்கள், புறாத்தீவுக்குப் போட், ரூம், ஸ்கூட்டி எல்லாம் பேசி முடிச்சிடுவாங்கள், பேச்சில பிழை பிடிக்கிற ஆள் நான் இல்ல, அந்தத் துணிவு எங்கட டிகிரிக்காரருக்கு இல்ல. ஆனா அதே பொடியனிட்ட புக்கிங் ஈமெயில் வந்தா, வங்கியில கடன் படிவம் வந்தா, முறைப்பாடு ஒண்டு எழுத்தில வந்தா, ஆரையும் தேடி ஓடவேண்டியிருக்கு. கதைச்சுப் பழகினவன், வாசிச்சுப் பழகேல்ல. மற்றப் பக்கம் கோணேசபுரியில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகக் கம்பஸ் மாதிரி இடங்களுக்குப் போற பிள்ளையள், ஏ எல்லில நல்ல ரிசல்ட், ஜெனரல் இங்கிலீசு எண்டு ஒரு பாடம் இருக்கு, ஆனா கம்பஸ் எடுபடுறதுக்கு அந்தப் புள்ளி சேராது எண்டபடியால ஒருத்தரும் அதத் தொடுறேல்ல, பிறகு முதல் வருசம் லெக்சர் நோட்ஸ போனில போட்டோ எடுத்து ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பண்ணி வாசிக்கிறாங்கள். கெட்டிக்காரப் பிள்ளையள், நாற்பது பக்கம் ஒரே இருப்பில வாசிக்கிற பழக்கம் மட்டும்தான் இல்ல. ஸ்போக்கன் கிளாஸ் இந்த ரெண்டு பேருக்கும் உதவாது.

வாசிப்பு மாதம் இருக்குத் தானே எண்டு ஆரும் சொல்லுவினம். ஒக்டோபர் வந்தா தேசிய வாசிப்பு மாதம், பனர் கட்டுவினம், வாசிப்பின் முக்கியத்துவம் எண்டு பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பிரதம விருந்தினர், மங்கள விளக்கு. பேச்ச ரீச்சர் எழுதிக் குடுப்பா, பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கும், வாசிப்பு மனிதனப் பூரணமாக்குது எண்டு தொண்டை கிழியக் கத்தின பிள்ளையிட்ட இறங்கி வந்தோன நீ கடைசியா என்ன புத்தகம் வாசிச்சனி எண்டு கேளுங்கோ பார்ப்பம். அந்த மாசத்தில ஒரு கிழமைக்கு எல்லாப் போட்டியையும் நிப்பாட்டிப்போட்டு, காலமைக் கூட்டம் முடிய முழுப் பள்ளிக்கூடமும், அதிபர், பியோன், கன்டீன் நடத்துறவர் உட்பட, அரை மணித்தியாலம் இருந்து வாசிச்சா எப்பிடி இருக்கும். பனர் கட்டுற காசுக்கு எத்தின மெல்லிசுப் புத்தகம் வாங்கலாம் எண்டும் ஒருக்காக் கணக்குப் பாருங்கோ.

வாசிச்சுக் காட்டுறதப் பற்றியும் ஒரு சொல். இளம் ரீச்சர்மார் கனபேர் என்ட உச்சரிப்புச் சரியில்ல, வாசிச்சுக் காட்ட வெக்கமாயிருக்கு எண்டு சொல்லுகினம். மூதூருக்கு அங்கால ஈச்சிலம்பற்றுப் பக்கம் இங்கிலீசு ரீச்சரே கிடைக்காம வேற பாட ரீச்சர் இங்கிலீசு எடுக்கிற இடமும் இருக்கு, அவைக்கு இன்னும் கூச்சம். பிள்ளையள் பிபிசி கேக்க வரேல்ல, கதை கேக்க வந்திருக்கு. ஒரு கதைய எடுத்துப் படத்தக் காட்டுங்கோ, அடுத்ததா என்ன நடக்கும் எண்டு தமிழிலயே கேளுங்கோ, மெதுவா வாசியுங்கோ, நாளைக்கும் அதே கதைய வாசியுங்கோ, மூண்டாம் நாள் பிள்ளையள் உங்களுக்கு முந்திச் சொல்லும். ஃபீஜியிலயும் இதத்தான் செய்தவை, விசேச ரெயினிங் எண்டு பெரிசா ஒண்டும் இல்ல. உச்சரிப்புப் பயத்தில புத்தகத்த மூடி வைக்கிறதவிட எங்கட வாயால எங்கட மாதிரி வாசிக்கிறது ஆயிரம் மடங்கு நல்லம்.

நூலக அறைக்குப் பூட்டுப் போடோணும் எண்டா போடுங்கோ, ஆனா ஒவ்வொரு வகுப்பு மூலையிலயும் ஒரு பிளாஸ்டிக் கூடை வையுங்கோ, அதில முப்பது நாற்பது புத்தகம், தவணைக்குத் தவணை பக்கத்து வகுப்போட மாத்துங்கோ. பொறுப்பு ரீச்சரிட்ட இல்ல, வகுப்பில ரெண்டு பிள்ளையளிட்ட, அவங்கள் ரீச்சரவிடக் கடுமையா நிப்பாங்கள். நகரத்தில இருக்கிற பொது நூலகத்துக்கும் ஒரு வேண்டுகோள், சனி ஞாயிறில சிறுவர் பகுதியில கத்தினாப் பேசாதேங்கோ, சின்னப் பிள்ளையள் சத்தம் போட்டுத்தான் வாசிக்கும்.

கடைசியா உங்களிட்டயும் ஒரு வேலை இருக்கு ஆசிரியர் ஐயா. உங்கட பேப்பரில சோதினைக் காலத்தில மாதிரி வினாத்தாள் பக்கம் பக்கமாப் போடுறீங்கள், வேண்டாம் எண்டு சொல்லேல்ல, அதுக்குத்தான் பேப்பர் விக்கும். கிழமைக்கு ஒரு நாள் அரைப் பக்கம் தாங்கோ, ஒரு பக்கத்தில தமிழ்க் கதை, பக்கத்தில அதே கதை லேசான இங்கிலீசில, பெரிய எழுத்து, ஒரு படம், கீழ கேள்வி ஒண்டும் வேண்டாம். கதை எங்கட கடலப் பற்றி, கோட்டையில திரியிற மானப் பற்றி, கன்னியா வெந்நீர்க் கிணறப் பற்றி இருந்தா இன்னும் நல்லம். எழுத ஆள் இல்ல எண்டு சொல்லாதேங்கோ, எங்கட மாவட்டத்தில ஓய்வு பெற்ற இங்கிலீசு ரீச்சர்மார் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில சும்மா இருக்கிறம், கேட்டா எழுதித் தருவம், காசும் வேண்டாம். பேப்பர் வந்தோன அந்த அரைப் பக்கத்த வெட்டி மடிச்சு எங்கட கூடைக்குள்ள போடுறது என்ட பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.